பயத்துக்குச் சீனி பூசியவள்

மிட்டாய்க்கடைக்காரி தன் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது அவளுடைய பயத்தை வாய்வழியாக எடுத்து, நாற்பது முறை சீனி பூசி, ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போட்டு இறுக மூடினாள். அது ஒரு வியாழக்கிழமை. அந்த வாரம் சீனி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, முட்டை விலை ஏறியிருந்தது. ஊரில் யாரும் இதைக் கேட்டு வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் பயத்துக்குச் சீனி பூசுவது அந்தக் கடையில் எழுபது வருடமாக நடந்துவந்த வேலை. பேசியவர்களும் பிள்ளையின் வயதைப் பற்றித்தான் பேசினார்கள். பால்பல் விழாத பிள்ளையின் பயத்தைத் தொடக்கூடாது என்பது கடையின் சட்டம். அவள் தொட்டுவிட்டாள்.

கடையைத் தொடங்கியவர் அவளுடைய கொள்ளுத்தாத்தா. அவர் முதலில் மிட்டாய்க்காரர் அல்ல, மருந்துக்கடை ஒன்றில் இடித்துச் சலிக்கிற வேலையில் இருந்தவர். அந்தக் காலத்தில் வயிற்றுவலிக்கு ஒரு கசப்பு விதை கொடுப்பார்கள். பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்கள், பிள்ளைகள் மருந்துக்கடைக்காரரின் சட்டையிலேயே துப்பினார்கள். சட்டை துவைத்து அலுத்துப்போன முதலாளியம்மா போட்ட சத்தத்தில்தான் கொள்ளுத்தாத்தாவுக்கு யோசனை பிறந்தது. உத்தரத்திலிருந்து இரண்டு சங்கிலிகளில் ஒரு செப்புத் தட்டைத் தொங்கவிட்டு, அடியில் கரித்தணலை வைத்து, விதைகளைப் போட்டு ஆட்டினார். முதலில் பிசின் தண்ணீர், அது காய்ந்ததும் கரண்டி கரண்டியாக மெல்லிய பாகு. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. கையை எடுத்தால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தணல் ஏறினால் வெள்ளை பழுப்பாகிவிடும். நாலு நாள் ஆட்டிய பிறகு முத்து முத்தாக உருண்டு வந்தது. பிள்ளைகள் வயிற்றுவலி இல்லாமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். இரண்டு வருடத்தில் மருந்து உள்ளேயிருந்து காணாமல்போய், மேலே போர்த்திய சீனி மட்டும் மிஞ்சியது. மிட்டாய்த் தொழில் பிறந்த கதை அந்த ஊரில் இப்படித்தான் சொல்லப்படுகிறது. கசப்புக்குப் போட்ட போர்வையைத் தனியாக விற்க ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

பயம் உள்ளே வந்தது தற்செயலாக. கிணறு வெட்டுகிறவன் ஒருவன், மண் சரிந்து அரைநாள் புதைந்து கிடந்து மீண்டவன், அதற்குப் பிறகு வாசற்படி இறங்கவே நடுங்கினான். வயிற்றில் ஏதோ செய்கிறது என்று கடைக்கு வந்து, ஒரு கசப்பு விதையை நாக்குக்கு அடியில் ஒதுக்கியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டு நேரம் வந்ததும் துப்பினான். விதை கறுத்து, ஐஸ் போலக் குளிர்ந்து, கல் தரையில் தானாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. கொள்ளுத்தாத்தா அதை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டு, மற்ற விதைகளுக்குச் செய்வதைப்போலவே செய்தார். பூசப் பூச நடுக்கம் குறைந்தது. கிணறு வெட்டுகிறவன் அன்று மதியமே சீட்டியடித்துக்கொண்டு கிணற்றில் இறங்கினான். பிறகு ஊரே வந்தது. நாய்க்குப் பயந்தவர்களின் விதை கடுகளவு, பரீட்சைக்குப் பயந்தவர்களுடையது மிளகளவு. மாமியாருக்குப் பயந்தவர்களுடையது மட்டும் எத்தனை பூச்சுக்குப் பிறகும் கரகரவென்றே இருந்தது. மரண பயத்தை எடுத்துத்தரச் சொல்லி வந்தவர்களுக்கு விதை வெள்ளையாகவே திரும்ப வந்தது. அது எடுக்க வராது என்று சொல்லி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆரம்பத்தில் அவரவர் பயத்தை அவரவர் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் தன்னுடையதை அலமாரியில் வைத்திருந்தார், விருந்துக்கு வந்த தங்கை மகன் மிட்டாய் என்று நினைத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அந்தப் பிள்ளை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர ஆறு வருடம் ஆயிற்று. யார் விழுங்குகிறார்களோ பயம் அவர்களுடையதாகிவிடும், சீனி கரைந்தால் பயம் உரியவரிடமே திரும்பிப் போய்விடும் என்பதெல்லாம் இப்படி ஒவ்வொன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். அன்றிலிருந்து ஜாடிகள் எல்லாம் கடையின் உள்ளறையில், பெயர்ச்சீட்டு ஒட்டி, சுவர் முழுக்க வரிசையாக நின்றன. காது வைத்துக் கேட்டால் உள்ளே பல் கிட்டுவதுபோல ஒரு சத்தம். உள்ளறையைக் கூட்டிப் பெருக்க யாரும் நீண்ட நாள் வேலைக்கு நிற்கவில்லை.

மிட்டாய்க்கடைக்காரி கல்யாணம் செய்துகொண்டவர் சீனிக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர், கெட்டிக்காரர். மகளையும் கூட்டிக்கொண்டு அவள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம், பதினெட்டு அடுக்கு மூட்டை சரிந்து அவர்மேல் விழுந்தது. பிள்ளை நாலடி தூரத்தில் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் கை ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து பிள்ளை நடுங்க ஆரம்பித்தாள். பதினோரு நாள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. டாக்டர் வந்து பார்த்து, இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். தாய் அதற்குமேல் சட்டத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் நாக்குக்கு அடியில் ஒரு விதையை வைத்து, மடியில் கிடத்தி, வாயைக் கையால் மூடிக்கொண்டாள். வெளியே வந்தபோது விதை பெரிய புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. அது தட்டில் விழுந்ததும் சங்கிலிகள் இரண்டும் கிடுகிடுத்தன. நாற்பது பூச்சுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பிள்ளை முதல் பூச்சிலேயே எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள்.

சனிக்கிழமை அவள் கொதிக்கிற பாகுக்குள் இடது கையை விட்டாள். குமிழி அழகாக இருந்ததாம். அலறினாள், துடித்தாள், கட்டுப் போட்டார்கள். கட்டு அவிழ்த்த அன்றே அதே அண்டாவுக்குள் வலது கையை விட்டாள்.

"வலிச்சுதே கண்ணு, மறுபடி எதுக்குடி கைய விட்டே?" என்று தாய் கதறினாள்.

"வலிச்சா என்னம்மா?" என்று பிள்ளை கேட்டாள். குறும்பாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அந்தக் கேள்வியில் தாயைப் பயம் பிடித்துக்கொண்டது. அது பிறகு விடவே இல்லை. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே பயப்பட வேண்டியிருந்தது. ஜன்னல்களுக்குக் கம்பி போட்டாள், கத்திகளைப் பூட்டிவைத்தாள், பிள்ளையின் இடுப்பில் ஒரு மணியைக் கட்டினாள். மணிச்சத்தம் நின்றால் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கல்லாய்ப்போன மிட்டாயை எத்தனையோ முறை கொட்டினாள். ஏழு வயதில் பிள்ளை ஒரு பூனையின் பின்னால் ஓட்டுக் கூரையின் முகட்டில் நடந்துபோனாள். ஒன்பது வயதில், மூன்று பேரைக் கடித்த நாயின் கூண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதில் தண்டவாளத்தின் நடுவே நின்று ரயிலை நிறுத்தி, உள்ளே எத்தனை சக்கரம் என்று டிரைவரிடம் கேட்டாள். டிரைவர் மறுநாள் வேலையை விட்டுவிட்டார். ஊர் அவளைக் காற்றாடி என்று கூப்பிட ஆரம்பித்தது. நூல் அறுந்த காற்றாடி என்று சொல்ல வந்தவர்கள் தாயின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஜாடியைத் திறந்து பயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று மிட்டாய்க்கடைக்காரியின் அண்ணன் பலமுறை சொன்னார். அவர் ஊர் வானிலை நிலையத்தில் மழையும் ஈரமும் அளப்பவர், எதையும் எண்ணில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. ஆனால் அந்தப் பதினோரு நாளும் தாயின் கண்முன்னே வந்து நின்றது. கொடுத்தால் நடுங்கியே சாவாள், கொடுக்காவிட்டால் விழுந்து சாவாள். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போனாள். தன்னுடைய பயத்தையாவது பூசிவைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், ஆனால் அந்தத் தொழிலில் அதற்கு வழியில்லை. பாகு பதத்துக்கு வருவதற்கும் கருகுவதற்கும் நடுவே இருப்பது ஒரு மூச்சு நேரம், அந்த மூச்சில் அடுப்பிலிருந்து இறக்கவைப்பது பயம்தான். அளவுக்கருவியும் கண்ணும் அப்புறம்தான். இந்தத் தொழில் என்பதே பாகு கெட்டுப்போகுமோ என்கிற பயம்தான் என்று கொள்ளுத்தாத்தா சொல்லியிருந்தார். காற்றாடி ஒரு வருடம் கடையில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் வைத்த ஒவ்வொரு அண்டாவும் கரியானது. "இன்னும் கொஞ்சம் பாக்கலாமேன்னு தோணுதும்மா" என்றாள். அதற்குமேல் யாரும் அவளை அடுப்படிக்குக் கூப்பிடவில்லை. அவள் போய் உயரத்தில் ஏறுகிற வேலையைப் பிடித்துக்கொண்டாள். பாலம், புகைபோக்கி, மணிக்கூண்டு, எதுவானாலும் ஏறிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிட்டு இறங்குவாள். கயிறு கட்டிக்கொள்ள மாட்டாள். அவளுக்கு வேலை இருக்கிற நாளில் தாய் தலையை நிமிர்த்தாமல் தெருவில் நடந்தாள்.

மகளுக்கு இருபத்துமூன்று வயதானபோது அந்த மழை பிடித்தது. முதல் மாதம் யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் மாதம் கதவுகள் வீங்கி மூட மறுத்தன, ரொட்டி காலையில் வாங்கினால் மாலையில் பச்சைப் பூசணம் பூத்தது. மூன்றாம் மாதம் கடையின் உள்ளறையில் ஜாடிகள் வியர்க்க ஆரம்பித்தன. எத்தனையோ வருடம் இறுகியிருந்த மூடிகளுக்குள் ஈரம் எப்படியோ நுழைந்துவிட்டது. பெயர்ச்சீட்டுகள் ஒவ்வொன்றாக உரிந்து விழுந்தன. முதலில் கரைந்தது நாவிதருடையது. பாதி முகம் மழித்த வாடிக்கையாளரை நாற்காலியில் விட்டுவிட்டு, கத்தியைக் கீழே போட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டார். நீதிபதி தீர்ப்பு வாசிக்கும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். கிணறு வெட்டுகிறவனின் பேரன் தாத்தாவின் தொழிலையே செய்துகொண்டிருந்தான், தாத்தாவைப்போலவே தன் பயத்தையும் கடையில் விட்டிருந்தான், அவனை வாளியில் உட்காரவைத்து மேலே தூக்கினார்கள், வாளியிலிருந்து இறங்க மறுத்து அதிலேயே நாலு நாள் இருந்தான். வட்டியோடு திரும்புவதுபோல, பல வருடத்துப் பயம் ஒரே நொடியில் வந்து விழுந்தது. ஒரு தெருவில் யாரோ கத்தினால், அடுத்த தெருவில் இருக்கிறவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

மிட்டாய்க்கடைக்காரி அடுப்பை அணைக்காமல் திரும்பத் திரும்பப் பூசிப்பார்த்தாள். ஈரக்காற்றில் எந்தப் பூச்சும் காயவில்லை, புதுச்சீனி பழைய சீனியையும் இழுத்துக்கொண்டு வழிந்தது. நாற்பது பூச்சு என்பதால் மகளுடையது கடைசிவரை தாங்கும் என்று நம்பியிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணன் நனைந்த குடையோடு உள்ளே வந்தபோது, ஜாடிக்குள் இருந்தது எலுமிச்சை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பு தெரிந்தது.

"ஈரப்பதம் தொண்ணூத்தாறு. இந்தச் சீனி இன்னிக்குத் தாங்காது," என்றார் அவர். "காற்றாடி எங்க?"

"தண்ணித் தொட்டிக்குப் போயிருக்கா. குழாய் அடைச்சுக்கிச்சாம். ஏற ஆள் இல்லைன்னு காலையில வந்து கூட்டிட்டுப் போனாங்க."

தண்ணீர்த் தொட்டிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி, சுவரில் பதித்த இரும்புப் படி.

"நீயே முழுங்கிடு," என்றார் அண்ணன். "அவ இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"முழுங்கிட்டா அவ எப்பவும் இப்படியேதான் இருப்பா. இத்தனை வருஷம் அவ உயிரோட இருந்தது என் பயத்துல. நான் போனப்புறம் யாரோட பயத்துல இருப்பா?"

ஜாடியை எண்ணெய்த்துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு அவள் ஓடினாள். தொட்டியின் அடியிலிருந்து பார்த்தால் மகள் கட்டைவிரல் நகத்தளவு தெரிந்தாள், விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கீழே இருந்து கத்தினார்கள். தாய் கூப்பிட்டால் இறங்கி வருவதற்கும் கொஞ்சம் பயம் வேண்டும். அவள் கையை அசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஆகவே, ஜாடி எடுக்க முக்காலியில் ஏறும்போதுகூடச் சுவரைப் பிடித்துக்கொள்கிறவள் முதல் படியில் காலை வைத்தாள். முப்பதாவது படியில் கண்ணை மூடிக்கொண்டாள். நூறாவது படியில் ஈரக்குலை நடுங்குவது என்றால் என்னவென்று தெரிந்துகொண்டாள், உடம்புக்குள் அது தனியாக ஆடியது. ஜாடி மார்பில் படபடத்தது, எது ஜாடி, எது நெஞ்சு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு படியிலும் இதோடு திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தாள், இறங்குவதற்குக் கீழே பார்க்க வேண்டுமே என்பதால் மேலேயே போனாள்.

"அம்மா! நீயா? எப்படி ஏறினே?" மகள் சிரித்தாள்.

"பேசாத. சுவரோட ஒட்டி உக்காரு. கயிறு இருக்கா?"

"மூட்டை இழுக்கிற கயிறு இருக்கு."

தாய் படியில் நின்றபடியே, கைப்பிடிக் கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தக் கயிற்றால் மகளின் இடுப்பைத் தொட்டியின் வளையத்தோடு மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பிறகு ஜாடியைத் திறந்தாள். உள்ளே இருந்தது விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது உன்னோடது. நாலு வயசுல உங்கிட்ட இருந்து எடுத்தேன். உன்னக் கேக்கல."

மகள் அதைக் குனிந்து பார்த்தாள். "இனிப்பா இருக்குமா?"

"மேல மட்டும்."

"உள்ள?"

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாதுடி. அப்ப உனக்குச் சொல்லத் தெரியல."

"கீழ போய்ச் சாப்பிட்டா ஆகாதா?"

"பாதிப் படியில கரைஞ்சிடும். நீ கம்பியில தொங்கிட்டு இருக்கும்போது வரும்."

"சரி குடு," என்று மகள் வாங்கி வாயில் போட்டுக் கடித்தாள். அதைக்கூடப் பயமில்லாமல்தான் செய்தாள், அதுதான் கடைசி.

முதலில் அவள் முகம் ரத்தம் வற்றி வெளுத்தது. பிறகு பல் கிட்டியது. தழும்பு ஏறிய தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இப்போதுதான் சுட்டதுபோல நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கூரை முகடும் நாய்க்கூண்டும் தண்டவாளமும் ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்குள் வந்து போவது தாய்க்கு வெளியிலிருந்தே தெரிந்தது. கீழே பார்ப்பாள், அலறப்போகிறாள் என்று தாய் காத்திருந்தாள். மகள் கீழே பார்க்கவே இல்லை. படியில், மழையில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எந்தக் கயிறும் இல்லாமல் நிற்கிற தாயைப் பார்த்தாள்.

"அம்மா, உள்ள வா," என்றாள். நாலு வயதுப் பிள்ளையின் குரலாக இருந்தது. "அம்மா, கையக் குடு. விழுந்துடாதம்மா. நீயும் போயிடாதம்மா."

பதினோரு நாள் அவள் சொல்லத் தெரியாமல் வைத்திருந்தது அதுதான். தாய் கம்பியைத் தாண்டி உள்ளே விழுந்தாள். அவளைப் பிடித்த கைகள் இரண்டு நாள் விடவில்லை.

இரண்டு நாளும் அவர்களால் இறங்க முடியவில்லை. மகள் எழுந்து நின்றால் கால் துவண்டது, அவள் துவண்டால் தாய்க்கும் துவண்டது. அண்ணன் கயிற்றில் ரொட்டியும் வெந்நீரும் போர்வையும் அனுப்பிவைத்தார், ஒவ்வொரு முறையும் ஈரப்பதம் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தார். மூன்றாம் நாள் காலை எண்பதுக்கு இறங்கி மழை விட்டது. தாய் முன்னால் இறங்கி, மகளின் ஒவ்வொரு பாதத்தையும் கையால் பிடித்துப் படியில் வைத்தாள். காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தவர்கள் பள்ளிக்கூடம் விடும்போது தரையைத் தொட்டார்கள். மகள் நடுங்கினாள், ஆனால் சாகவில்லை. முதல் மாதம் தாய் பக்கத்து அறைக்குப் போனாலும் பின்னாலேயே போனாள், பிறகு வாசல்வரை தனியாக வந்தாள், பிறகு தெருமுனைவரை. பதினோரு நாளில் ஒரு குழந்தையைக் கொல்லப்பார்த்த பயம், இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்குள் ஒருவழியாக இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது.

உள்ளறை ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். மிட்டாய்க்கடைக்காரி இப்போதும் கேட்பவர்களுக்குப் பயத்தைப் பூசிக் கொடுக்கிறாள், ஆனால் மூன்றே பூச்சு, ஒரு வாரம் தாங்கும். ஆபரேஷனுக்கோ பரீட்சைக்கோ பெண் பார்க்கப் போவதற்கோ அது போதும். அதற்குமேல் பூசச் சொன்னால் வேறு ஊருக்குப் போகச் சொல்கிறாள், வேறு ஊரில் யாரும் பூசுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஊர்தான் பழைய நடைக்குத் திரும்பவில்லை. எல்லாருடைய பயமும் ஒரே பருவத்தில் திரும்பி வந்துவிட்டதால் ஜனங்கள் சுவரோரமாகவே நடந்தார்கள், தெருவைக் கடக்க ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நகராட்சி கூடிப் பேசி, எல்லாத் தெருக்களிலும் இருபுறமும் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி போட்டது. மேடுபள்ளம் இல்லாத தெருவில் எதற்குக் கம்பி என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், பிடித்துக்கொள்ள என்று பதில் சொல்வார்கள். கம்பிகளுக்கு வருடம் ஒருமுறை பச்சைப் பெயின்ட் அடிக்கிற வேலை மகளுக்குக் கிடைத்தது, உயரம் ஏற வேண்டியதில்லை. அவள் அடிக்கிற வாரத்தில், பெயின்ட் காயும்வரை, அந்த ஊரில் யாரும் தனியாக வெளியே போவதில்லை.